ரகசியத்துக்குச் சுருதி கிடையாது

அந்த அம்மா என் காதருகே வந்து சொன்னதில் பாதிதான் எனக்குக் கேட்டது.

"குரல மெஷின்ல ஏத்திடுவீங்களாமே... நெசங்களா?"

ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் பொதுவாகச் சத்தக்காரர்கள். செருப்பைக் கழற்றும்போதே தொண்டையைச் செருமி ஒரு ஆலாபனையைத் தொடங்கிவிடுவார்கள். இவரோ கருவறைக்கு முன்னால் நிற்பவர் போல மூச்சுக்காற்றிலேயே பேசினார். தொண்டையில் ஏதோ கோளாறு என்று நினைத்து, "சுடுதண்ணி தரட்டுமாம்மா?" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு என் முகத்தையே ஒரு கணம் உற்றுப் பார்த்தார். என் குரலை முதல்முறை கேட்கும் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவர் பெயர் மல்லிகா. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் நெல்லும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். வெளியூர் வாசகர்களுக்காக: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் மாவட்டத்தில் போய் வேர்க்கடலை என்று கேட்டால், பாக்கெட்டில் வருகிற சாமானா என்று கேட்பார்கள். அன்றைக்கும் ஒரு துணிப்பை நிறைய அவித்த மல்லாட்டை கொண்டு வந்திருந்தார். பையிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

பின்னால் அவர் மகள் சரண்யா. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் தற்காலிக வேலை. இன்னும் சில வாரங்களில் கல்யாணம். மாப்பிள்ளை பிரகாஷ், போளூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவன்தான் ரிசப்ஷனில் பாட ஒரு பாட்டு செய்துதரும்படி என்னிடம் போனில் சொல்லியிருந்தான். இந்த மாதிரிப் பாட்டுகள் இப்போது என் பிழைப்பில் பாதி. பெண், மாப்பிள்ளை பெயர்களை வைத்து நாலு வரி, நடுவில் தவில், முடிவில் கெட்டிமேளம். பிரகாஷ் வரிகளை அவனே எழுதி அனுப்பியிருந்தான். "சார்ஜ் இறங்கிப்போன எனக்கு, சரண்யா நீதான் சார்ஜரு" என்பது அதில் ஒன்று. கல்யாணப் பாட்டில் நான் யாருடைய கற்பனையிலும் கை வைப்பதில்லை.

"மாப்ள நல்லா பாடுவாருங்க," என்றார் மல்லிகா அம்மா. "அவங்க அத்தைக்காரி, பொண்ணும் மாப்ளையும் சேந்து மேடையில பாடப்போறாங்கனு ஊரு பூரா சொல்லிட்டாங்க."

"நல்ல விஷயம்தானேம்மா."

"இவளுக்குக் குரல் செரியில்லீங்க."

"ஜலதோஷமா?"

அவர் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "ஆம்பளக் குரலுங்க," என்றார், குடும்பத்தில் இருக்கும் ஒரு வியாதியின் பெயரைச் சொல்வதுபோல.

பிறகு விஷயம் முழுதும் வந்தது. முதலில் இரண்டு இடம் பெண் பார்க்க வந்தார்கள். காபி குடித்தார்கள். சரண்யா வாயைத் திறந்து "வாங்க" என்று சொன்னாள். ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். மூன்றாவதாகப் போளூர்க்காரர்கள் வந்தபோது, "நீ வாயே தொறக்காத, நான் பேசிக்கிறேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். அப்படி அமைந்த கல்யாணம் இது.

"மாப்பிள்ளை போன்ல பேசுவாரே?"

"மெதுவா பேசுவா. நான்தான் சொல்லிக் குடுத்துருக்கேன்."

இங்கே சரண்யாவைப் பாட வைத்துப் பதிவு செய்யவேண்டும். அதை மெஷினில் ஏற்றிப் பெண் குரலாக மாற்றவேண்டும். மேடையில் அது ஓடும்போது அவள் வாயசைப்பாள். கல்யாணம் முடிந்து தாலியும் ஏறிவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அம்மாவின் திட்டம் இதுதான்.

சரண்யா சுவரில் ஒட்டியிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சை விரலால் அழுத்தி, அது மறுபடி எழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விஜி சார்

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் இந்த மாடி அறையைப் பிடித்த கதையைப் போன வாரம் சொன்னேன். அதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கட்டடத்துச் சொந்தக்காரர் போனிலேயே வாடகை பேசி முடித்து, முன்பணம் வாங்க நேரில் வந்தபோது, "சார் வரலீங்களா?" என்று கேட்டார்.

என் குரல் அப்படி. போர்டில் வேறு வெறுமனே விஜி என்றுதான் எழுதியிருக்கிறது. போனை எடுத்து ஹலோ சொன்னதும், "வணக்கம் சார், விஜி சாருங்களா?" என்பார்கள். கேஸ் சிலிண்டர்க்காரர், கூரியர்க்காரர் எல்லோருக்கும் நான் சார். ஒருமுறை பேங்கிலிருந்து பேசிய பெண், "சார், இது உங்க மனைவியோட அக்கவுண்ட். அவங்ககிட்ட போனக் குடுங்க" என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன். உடனே ஏற்றுக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் இறைவணக்கம் பாட என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ வாய மட்டும் அசை" என்று டீச்சர் சொல்வார். ஆண்டுவிழா நாடகங்களில் ராஜா வேஷம், இன்ஸ்பெக்டர் வேஷம் எல்லாம் எனக்குத்தான். பாடுவதற்கு வழியில்லாமல் போனதால்தான் கீபோர்டைப் பிடித்தேன். மெல்லிசைக் குழுவில் பத்துப் பதினைந்து வருடம் மற்றவர்களுக்கு வாசித்தேன். அந்தப் பணத்தில்தான் இந்த ஸ்டுடியோ.

என் வீட்டுக்காரர், "வீட்ல ரெண்டு ஆம்பளைங்க இருக்கறதால திருட்டு பயம் கெடையாது" என்று விருந்தாளிகளிடம் சொல்வார். நானும் சிரிப்பேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் லேசாகச் சுருக்கென்று குத்தத்தான் செய்யும்.

ஆகவே மல்லிகா அம்மா கேட்டதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினால் உலகம் எவ்வளவு சுலபமாக வழிவிடுகிறது என்பது எனக்குத் தெரியும்.

காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?

பாட வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இது. பசியை விசாரிப்பதாக நினைப்பார்கள். அவர்களுடைய கட்டையைத் தேடுவதுதான் என் நோக்கம்.

கட்டை என்றால் சுருதியின் அளவு. கீபோர்டில் ஒவ்வொரு வெள்ளைப் பொத்தானும் ஒரு கட்டை, நடுவில் வரும் கறுப்பு அரைக் கட்டை. ஆண்கள் ஒன்று, ஒன்றரை என்று கீழே இருப்பார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை என்று மேலே இருப்பார்கள். இது பொதுக்கணக்கு. ஆனால் உங்கள் கட்டை என்ன என்று கேட்டால் ஒருவரும் தன்னுடையதைச் சொல்வதில்லை. தனக்குப் பிடித்த பாடகரின் கட்டையைச் சொல்வார்கள். ரிட்டயர் ஆன ஒரு தலைமை ஆசிரியர் ஐந்து கட்டைக்குக் குறைந்து பாடமாட்டேன் என்று அடம்பிடித்து, சரணத்தில் இருமி, தண்ணீர் குடித்து, கரண்ட் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் சாப்பாட்டைப் பற்றிப் பேசவிடுவேன். இட்லி, சட்னி, நேற்று வைத்த குழம்பு என்று பேசும்போது யாரும் நடிப்பதில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் குரல் ஓரிடத்தில் போய் உட்காரும். கீபோர்டில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அங்கிருந்து பாட்டின் சுருதியை வைத்தால் அநேகமாகச் சரியாக இருக்கும். இது எந்தச் சங்கீதப் புத்தகத்திலும் இல்லை, என் அனுபவத்தில் கண்டது.

சரண்யாவிடமும் கேட்டேன்.

"இட்லிங்க," என்றாள். அம்மாவைப் போலவே, வெறும் காற்றில்.

"தொட்டுக்க?"

"சட்னிங்க."

கீபோர்டின் மேல் என் விரல் சும்மா நின்றது. ரகசியத்துக்குச் சுருதி கிடையாது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அது அதுவாகத்தான் ஒலிக்கும், அவளாக ஒலிக்காது. எவ்வளவு கேட்டும் அவள் குரலை வெளியே விடவில்லை. சரி, பெண் குரல்தானே என்று பழக்கதோஷத்தில் பாட்டை ஐந்தரைக் கட்டைக்கு ஏற்றினேன். இந்தக் காரியத்தைச் செய்தது யார் பாருங்கள், விஜி சார்!

தவிலும் பக்கெட்டும்

ஒரு பாட்டு முழுவதையும் ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்கு மாற்றுவது இப்போது ஒரு நொடி வேலை. ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் மேல் மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் சுருதியைக் குறிக்கும் ஆங்கில எழுத்தை மாற்றினால் போதும், நாதஸ்வரம், புல்லாங்குழல், வயலின் எல்லாம் ஒன்றாக ஏறும், இறங்கும். மெல்லிசைக் குழுவில் பாடகர் கடைசி நிமிடத்தில் "அரைக் கட்டை கம்மி பண்ணுங்க" என்றால் எங்களுக்கெல்லாம் வியர்க்கும். இப்போது கம்ப்யூட்டருக்கு வியர்ப்பதில்லை.

ஆனால் அதற்கு அறிவும் கிடையாது. இந்தச் சாஃப்ட்வேர் வாங்கிய புதிதில் ஒரு ஊர்க்காரர்கள் குலதெய்வப் பாட்டு செய்ய வந்தார்கள். பாடுகிறவருக்குச் சுருதி ஜாஸ்தியாக இருந்தது. பெட்டியில் எழுத்தை மாற்றி இரண்டு கட்டை இறக்கினேன். பாட்டு அழகாக இறங்கியது. கூடவே உயிரைக் கொடுத்து வாசித்து வைத்திருந்த தவிலும் இறங்கிவிட்டது. கோயில் தர்மகர்த்தா கேட்டுவிட்டு, "என்னாம்மா, பிளாஸ்டிக் பக்கெட்டத் தட்டறாப்ல இருக்குது?" என்றார்.

அன்றுதான் தெரிந்தது, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பக்கத்தில் ஒரு டிக் குறி இருக்கிறது. டிக் இருந்தால் அது பாட்டோடு சேர்ந்து மாறும். எடுத்துவிட்டால் பாட்டு எங்கே போனாலும் அது தன் இடத்திலேயே நிற்கும். அதிலிருந்து தவிலுக்கும் பம்பைக்கும் டிக்கை எடுத்துவிடுவது என் வழக்கம்.

யாரு இவங்க?

ஐந்தரைக் கட்டையில் சரண்யா பாடினாள். பாடினாள் என்று சொல்லக்கூடாது. ஏணி எட்டாதவள் எம்பிக் குதிப்பது போல ஒவ்வொரு வரிக்கும் எம்பினாள். பல்லவியின் மூன்றாவது வரியில் குரல் உடைந்து நின்றுவிட்டது. பாடும் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதான் சொன்னேனே," என்றார் மல்லிகா அம்மா. "மெஷின்ல ஏத்திடுங்க."

சரியென்று பாட்டை ஒன்றாம் கட்டைக்கு இறக்கினேன். பாதி வாயை மூடிக்கொண்டு, ஊருக்குக் கேட்டுவிடப்போகிறதே என்கிற பயத்தோடு பாடி முடித்தாள். பிறகு அவள் குரலுக்கும் டிக் போட்டு, மூலைப் பெட்டியில் ஒவ்வொரு எழுத்தாக ஏற்றிக்கொண்டே போனேன். பாட்டு ஏற ஏற, குரலும் ஏறியது. முதலில் யாரோ ஒரு அக்கா பாடினாள். அப்புறம் ஒரு கல்லூரிப் பெண். அதற்கும் மேலே, டிவி விளம்பரத்தில் பிஸ்கட் கேட்கிற மாதிரி ஒரு இனிப்பான, மெல்லிய குரல்.

"இதான்! இதான்!" என்று மல்லிகா அம்மா என் தோளைப் பிடித்தார். அந்தச் சந்தோஷமும் ரகசியமாகத்தான் வந்தது. கண் கலங்கியிருந்தது.

சரண்யாவை வெளியே வரச்சொல்லிப் போட்டுக் காட்டினேன். முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாதாங்கா இருக்குது," என்றாள். "யாரு இவங்க?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதோ வேலை இருப்பதுபோல, மைக்கில் இன்னும் ஒரு முறை பேசிப் பார்க்கலாம் என்று சொல்லி அவளை உள்ளே அனுப்பினேன். உண்மையில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூச்சு விட ஜன்னலைத் திறந்தேன்.

குரங்கு செய்த உபகாரம்

பதிவு நடக்கும்போது ஏசி ஓடக்கூடாது, சத்தம் மைக்கில் ஏறும். அதனால் இடைவேளையில் ஜன்னலைத் திறந்து வைப்பேன். திறந்தால் வேறு தொல்லைகள். கீழே வெள்ளைக்காரர்கள் வரும் காபிக் கடையில் மிக்ஸி ஓடும். ஆசிரமத்து மயில்கள் அகவும். என் பக்திப் பாடல்களில் பாதியில் எங்கோ ஒரு மயில் இருக்கிறது, கேட்பவர்கள் வேண்டுமென்றே சேர்த்தது என்று நினைக்கிறார்கள்.

அன்று வந்தது குரங்கு. ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து ஒரு பார்வை பார்த்தது. மேஜை மேலிருந்த மல்லாட்டைப் பையைக் கையால் இழுத்தது. மல்லிகா அம்மா பதறி எழுந்தார். ஆனால் அந்த நேரத்திலும் அவர் வாயைத் திறக்கவில்லை. பட்பட்டென்று கையைத்தான் தட்டினார். குரங்கு அதையெல்லாம் சட்டை செய்யுமா?

கண்ணாடி அறையின் கதவு திறந்தேதான் இருந்தது. அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய்! வைய்யி கீழ! ஐயோ, தூக்கிக்கினு போவுது பாருங்கக்கா! காலையில எழுந்து அவிச்சி எடுத்தாந்ததுங்கக்கா அது! எப்டி தின்னுது பாரு, அதோட அப்பன் ஊட்டு சொத்து மாதிரி!"

குரங்கு அப்படியே பையைப் போட்டுவிட்டு ஓடியது. மிக்ஸிகூட ஒரு நொடி நின்றது போல எனக்குத் தோன்றியது. என்ன குரல் அது! கிணற்றடியில் நின்று பேசினால் திரும்பி வருமே, அந்த மாதிரி நிறைந்த குரல். மல்லிகா அம்மா ஓடிப்போய் மகளின் வாயைப் பொத்தினார்.

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். மைக்கை அணைக்க மறந்திருந்தேன். எல்லாம் பதிவாகியிருந்தது.

"போவுது பாருங்கக்கா" என்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு, கீபோர்டில் தேடினேன். இரண்டரைக் கட்டையில் வந்து உட்கார்ந்தது.

மூலைப் பெட்டியில் எழுத்தை மாற்றினேன். தவிலின் டிக் எடுத்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். "சரண்யா, கடைசியா ஒரு தடவை. எனக்காகப் பாடு. குரங்கு மறுபடியும் வந்துட்டதா நெனச்சிக்கினு பாடு," என்றேன்.

சிரித்தாள். அந்தச் சிரிப்போடு பாட ஆரம்பித்தாள். எம்பவும் இல்லை, ஒளியவும் இல்லை. "நீதான் சார்ஜரு" என்கிற அசட்டு வரிகூட அவள் வாயில் ஏதோ பெரிய விஷயம் மாதிரி ஒலித்தது. நான் வாயசைத்து நின்ற கடைசி வரிசை ஞாபகத்துக்கு வந்தது. ஹெட்போனைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டேன்.

யார் வந்து நிற்பது?

மல்லிகா அம்மா அழவில்லை. கோபமாக இருந்தார். கோபத்தில் ரகசியம் இன்னும் கூர்மையாகிவிடும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"இதயா போடப்போறீங்க? அங்க அத்தன பேருக்கு முன்னால?"

"நல்லா இருக்கும்மா. கேட்டுப் பாருங்க."

"உங்களுக்கு நல்லாதான் இருக்கும் மேடம். நீங்க மெஷினுக்குப் பின்னால உக்காந்துக்கினு இருக்கீங்க. இவ போய் வாழணும். ரெண்டு எடம் போச்சி. இதுவும் நின்னா நீங்க வந்து நிப்பீங்களா?"

நான் கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தேன்.

சரண்யா வெளியே வந்தாள். "நான் காலம் பூரா அவர்கிட்ட குசுகுசுனே பேசிக்கினு இருக்கணுமாம்மா?"

"பேசினா என்னா? நான் குடும்பம் நடத்தல?"

அம்மா அதைச் சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அப்போது அந்த வார்த்தை என் காதில் சரியாக விழவில்லை. அம்மாக்கள் வழக்கமாகச் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன்.

"அக்கா, அவரு சனிக்கெழம பாட வருவாரு," என்றாள் சரண்யா. "கடைசியா பாடினதப் போட்டுக் காட்டுங்க. அந்தப் பொண்ணு பாடினத வேணாம்."

தன் குரலை ஏற்றிச் செய்ததை அவள் கடைசிவரை 'அந்தப் பொண்ணு' என்றுதான் சொன்னாள். இருவரும் படியிறங்கிப் போனார்கள். மல்லாட்டைப் பையை மறந்து விட்டுப்போனார்கள், அல்லது குரங்கு தொட்டது வேண்டாம் என்று விட்டார்களோ. நானும் வீட்டுக்காரரும் தின்றோம்.

சனிக்கிழமை வரை எனக்கு வேலை ஓடவில்லை. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்டதைச் செய்து கொடுத்திருந்தால் பாட்டுக்குப் பாட்டு, கல்யாணத்துக்குக் கல்யாணம் என்று முடிந்திருக்குமே என்று ஒரு மனது சொன்னது. பிஸ்கட் குரலையும் அழிக்காமல் வைத்திருந்தேன்.

கிலோ கணக்கில் பனங்கற்கண்டு

பிரகாஷ் ஒல்லியாக, உயரமாக இருந்தான். குரல் அதைவிட ஒல்லி. காலையில் பொங்கல் சாப்பிட்டதாகச் சொன்னான். இரண்டரைக் கட்டை அவனுக்கும் சிரமமில்லை என்று அதிலேயே தெரிந்தது.

ஹெட்போனை மாட்டிவிட்டு, சரண்யா பாடிய பல்லவியைப் போட்டேன். அவன் வரி வந்தது. அவன் பாடவில்லை. ஹெட்போனைக் கழற்றினான்.

"யாருங்க மேடம் இது பாடறது?"

"சரண்யா."

"எந்த சரண்யா?"

"உங்க சரண்யாதாம்பா."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "இன்னொரு வாட்டி போடுங்க," என்றான். போட்டேன். மறுபடியும் கேட்டான். மறுபடியும் போட்டேன். அவன் முகத்தில் என்ன ஓடுகிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்போ தொண்ட வலி இல்லையா அவங்களுக்கு?"

"என்ன தொண்டை வலி?"

"நிச்சயம் ஆனதுலேர்ந்து போன்ல காத்தா பேசறாங்க மேடம். தொண்டைல ஏதோ பிரச்சினைனு நெனச்சி, பனங்கற்கண்டா வாங்கி அனுப்பிக்கினு இருக்கேன். கிலோ கணக்குல." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. நான் என்னா புலியா, கடிச்சா தின்னுடுவேன்?"

போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். பக்கத்து வீட்டு அம்மா கொடியில் காய்ந்த துணியையெல்லாம் எடுத்து மடித்து உள்ளே கொண்டுபோய் வைக்கும் நேரம்வரை நின்றான். மேலே வந்தபோது காது சிவந்திருந்தது.

"சத்தமா பேசினாங்க மேடம்."

"என்ன சொன்னாங்க?"

"திட்டினாங்க. பனங்கற்கண்டே புடிக்காதாம்."

அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடினான். சுமாராகத்தான் பாடினான். அவன் போன பிறகு பிஸ்கட் குரலை அழித்தேன்.

ஒரு வீடியோவும் ஒரு போனும்

ரிசப்ஷனுக்கு என்னால் போகமுடியவில்லை. அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தைத் தாண்டி எங்கள் சந்திலிருந்து வெளியே வருவதே பெரும்பாடு. பிரகாஷ் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். உறவுக்காரர் யாரோ நாற்காலியில் உட்கார்ந்தபடி எடுத்திருந்தார்.

பின்னணி இசை மட்டும் ஸ்பீக்கரில் ஓட, இருவரும் மைக்கைப் பிடித்து நேரடியாகவே பாடினார்கள். சரண்யா முதல் வரியை எடுத்ததும் கூட்டத்தில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அவள் குரல் சுருங்கியது. எனக்கு நன்றாகத் தெரிந்த சுருக்கம் அது. மைக் வாயைவிட்டு மெல்ல இறங்கியது. பிரகாஷ் அவளைப் பார்த்தான், அவனுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது செல்போனுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆள் கத்தினார்.

"சத்தமாப் பாடு!"

மண்டபம் முழுக்கத் திரும்பியது. படம் ஆடியது. சரண்யா அந்தத் திசையைப் பார்த்தாள். அவள் கண் அப்படி விரிந்ததை வேறெப்போதும் நான் பார்த்ததில்லை. அப்புறம் மைக்கை உயர்த்தினாள். அதற்கு மேல் அவளை யாரும் நிறுத்தவில்லை. கத்திய ஆள் யாரோ பெரியப்பாவோ மாமாவோ, நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் வாழ்த்தினேன்.

சில நாள் கழித்து, புது நம்பரிலிருந்து ஒரு போன்.

"ஹலோ, விஜி ஸ்டுடியோங்களா?"

கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல். ஏதோ ஊர்ப் பெரியவர், குலதெய்வப் பாட்டு கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"சொல்லுங்க சார்," என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சார் இல்ல மேடம். மல்லிகா பேசறேன். சரண்யாவோட அம்மா."

மன்னிப்புக் கேட்பதா, வீடியோவில் கத்தியது நீங்கள்தானா என்று கேட்பதா, இத்தனை வருடம் இந்தக் குரலை எப்படியம்மா அடக்கினீர்கள் என்று கேட்பதா, ஒன்றும் புரியவில்லை. வாயில் வந்தது ஒன்றுதான்.

"காலையில என்னம்மா சாப்டீங்க?"

"கேவுரு கூழுதான். பச்ச மல்லாட்ட வறுத்து ஒரு தொவையல் அரைச்சேன். பொண்ணும் மாப்ளையும் மறுவூட்டுக்கு வந்திருக்காங்க இல்ல, அவரு ரெண்டு சொம்பு குடிச்சாரு..."

அவர் பேசிக்கொண்டே போனார், முழுக் குரலில், நிறுத்தாமல். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கீபோர்டை இழுத்துத் தேடினேன்.

இரண்டு கட்டை. மகளைவிட அரைக் கட்டை இறக்கம்.